பழைய ஷாட்கன் சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்வதால் என்ன பயன்? சிங்கப்பூர் வாசகருக்கு ஓர் எளிய அறிமுகம்

வீட்டில் ஒரு தோட்டாவைக்கூட வைத்துக்கொள்ள இயலாத நாட்டில் வாழும் ஒருவர், பழைய ஷாட்கன் துப்பாக்கிகளைச் சேகரிப்போரின் சங்கத்தில் எதற்காகச் சேர வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் இச்சங்கங்கள் உறுப்பினருக்குத் தருவனவற்றைச் சற்று உற்றுப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதிக்குத் துப்பாக்கி கையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது புலப்படும். தொழிற்சாலைப் பேரேடுகள், குழலில் பொறித்த முத்திரைகளைப் படிக்கும் பயிற்சி, போலியை இனங்காணும் கண், ஆபத்தைத் தவிர்க்கும் அறிவு ஆகியவையே அங்குள்ள உண்மையான சொத்து. அதில் பங்கு பெறுவதற்கு ஆண்டுச் சந்தாவும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஷாட்கன் என்பது உட்புறம் வழவழப்பான குழலைக் கொண்ட துப்பாக்கி. ரைபிளின் குழலுக்குள் இருக்கும் சுருள்வரிகள் இதில் இல்லை. ஒரே தோட்டாவுக்குள் அடைத்திருக்கும் நூற்றுக்கணக்கான ஈயச் சிறுகுண்டுகள் குழலைவிட்டு வெளிவந்ததும் விரிந்து பரவும் என்பதால், பறக்கும் பறவையைச் சுடுவதற்கென்றே இது வளர்ச்சி பெற்றது. தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைபிளைப் பிரித்துத் துடைத்துப் பழகிய நம் இளைஞர்களுக்கு இது முற்றிலும் வேறோர் உலகம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து பிற்பாடு சிங்கப்பூரில் குடியேறிய மூத்தவர்களுக்கோ அவ்வளவு அந்நியமானதன்று. தோட்டத்துத் துரை வைத்திருந்த ‘டபுள் பேரல்’ பற்றியும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஊர்க்காவலர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஷாட்கன்கள் பற்றியும் அவர்களில் பலருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுவது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இரண்டாம் உலகப்போர் வரை செய்யப்பட்டவற்றையே. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், பிரெஞ்சுக்காரரான காசிமிர் லெஃபோஷே வடிவமைத்த வகைத் துப்பாக்கி வைக்கப்பட்டிருந்தது. அது நடுவில் மடங்கித் திறந்து, குழலின் பின்பக்கமாகத் தோட்டாவை ஏற்றுக்கொண்டது. அதுவரை குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் குண்டையும் இடித்து நிரப்பும் துப்பாக்கிகளையே செய்துவந்த ஆங்கிலேயக் கைவினைஞர்களிடையே அதன்பின் பெரும் போட்டி மூண்டது. 1863-இல் பர்டி என்னும் லண்டன் துப்பாக்கி நிறுவனம் குழலை அடியில் இறுக்கிப் பிடிக்கும் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றது. 1875-இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சன், டீலி என்னும் இருவர், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் வெளியே தெரியாத எளிய உள்ளமைப்பைக் கண்டுபிடித்தனர். 1880-இல் ஃபிரெடரிக் பீஸ்லி வடிவமைத்த, திறப்பதற்கு ஸ்பிரிங்கே உதவிசெய்யும் அமைப்பைப் பர்டி வாங்கிக்கொண்டது. குழல்கள் அருகருகே அமைந்த துப்பாக்கிகளை அந்நிறுவனம் இன்றும் அவ்வமைப்பிலேயே செய்துவருகிறது. ஏறத்தாழ முப்பதே ஆண்டுகளில் ஒரு கருவி தன் முழு வடிவத்தை அடைந்து நின்றுவிட்டது என்பதுதான், பொறியியல் ஆர்வம் உள்ளவர்களை இத்துறைக்குள் இழுக்கிறது.

அளவைப் பற்றியும் சொல்லிவிடலாம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே ‘12 போர்’ (bore, குழலின் உள்ளளவு) எனப்படும் துப்பாக்கியின் உள்விட்டம், 0.729 அங்குலம், அதாவது 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக வார்த்தால் 0.615 அங்குலம். எனவே எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். .410 என்னும் சிறு துப்பாக்கி மட்டும் இக்கணக்குக்கு வெளியே நின்று, தன் விட்டத்தையே அங்குலத்தில் பெயராகக் கொண்டிருக்கிறது.

இங்குள்ள சட்டம்

சட்டத்தைச் சொல்லாமல் மேலே செல்வது சரியாகாது. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கப்படலாம். துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதங்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2021-இல் நிறைவேற்றியது. கைத்துப்பாக்கி வடிவில் செய்த சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்வதே தடைசெய்யப்பட்ட ஊர் இது என்பதை நினைவில் கொண்டால், மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். நூறாண்டுப் பழமையானது, சுடவே முடியாதது, தாத்தாவின் நினைவாக வைத்திருப்பது என்ற காரணங்களை நம்பிக்கொண்டு எதையும் பெட்டியில் வைத்துச் சாங்கியில் வந்து இறங்கக் கூடாது. வெளிநாட்டுச் சுடுதிடலில் பொறுக்கிய வெற்றுத் தோட்டாக் கூட்டைக்கூடக் காவல்துறையின் விதிகளைப் பார்க்காமல் நினைவுப்பொருளாகக் கொண்டுவருவது வம்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

சுட்டுப் பழக வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு வழி அறவே அடைபட்டதன்று. பழைய சுவா சூ காங் சாலையில் உள்ள சிங்கப்பூர் கன் கிளப்பில், பறக்கும் களிமண் வட்டுகளைச் சுட்டு உடைக்கும் டிராப், ஸ்கீட் விளையாட்டுகளை முறையான பயிற்சியோடு கற்கலாம். (சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி என்று சொல்லப்படும் புலி 1930-இல் சுடப்பட்டதும் அதே சுவா சூ காங் வட்டாரத்தில்தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.) ஆனால் அது விளையாட்டு, இக்கட்டுரை பேசுவது வரலாற்று ஆர்வத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் இரண்டிலும் ஏமாற்றம் அடைவார்கள்.

பேரேடும் ஆய்வுக் கடிதமும்

சங்கங்கள் தரும் பயன்களில் முதன்மையானது எது என்று என்னைக் கேட்டால், பேரேடு என்றே சொல்வேன். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து மெரிடன் நகரில் இயங்கிய பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்பெயரில் 240,000-க்கும் மேற்பட்ட ஷாட்கன்கள் வெளிவந்தன. 1934-இல் ரெமிங்டன் நிறுவனம் பார்க்கரை வாங்கிக்கொண்டது. பின்னர் உற்பத்தி நின்றுபோனது. ஆனால் தொழிற்சாலையின் ஆர்டர் புத்தகங்களும் இருப்புப் புத்தகங்களும் பெருமளவில் தப்பிப் பிழைத்தன. இன்று பார்க்கர் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்துக்கு ஒரு துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதியனுப்பினால், அப்புத்தகங்களில் தேடி, கிடைத்த விவரங்களை ஆய்வுக் கடிதமாக அனுப்புகிறார்கள். உறுப்பினருக்குக் கட்டணமும் குறைவு.

அக்கடிதத்தில் என்ன இருக்கும்? அத்துப்பாக்கி எந்தத் தரத்தில், எந்த அளவில், எவ்வளவு நீளக் குழலோடு செய்யப்பட்டது, தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டை எப்படிச் செதுக்கப்பட்டது, யார் எப்போது ஆர்டர் கொடுத்தார், பிறகு பழுதுபார்ப்பதற்காகத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்ததா என்பன போன்ற செய்திகள் இருக்கும். பார்க்கரின் தரக் குறியீடு புரிந்துகொள்ள எளிது. ‘வி.எச்.’ என்றால் வல்கன் என்னும் உருக்கில் குழல் செய்யப்பட்ட, வெளிச்சுத்தியல் இல்லாத, ஓரளவு எளிமையான துப்பாக்கி. அதன் பின்னால் ஓர் ‘இ’ சேர்ந்து ‘வி.எச்.இ.’ ஆனால், சுட்டு முடித்த தோட்டாக் கூட்டைத் திறந்ததும் தானே வெளியே எறியும் அமைப்பு அதில் உண்டு. ஜி.எச்., டி.எச்., சி.எச். என்று மேலே செல்லச் செல்ல உலோகத்தில் செதுக்கப்பட்ட கொடிகளும் பறவைகளும் நாய்களும் நுணுக்கமாகிக்கொண்டே போகும், விலையும் அப்படியே.

இந்த ஏற்றத்தாழ்வுதான் போலிகளுக்குப் பிறப்பிடம். உடல் பழையது, முத்திரை உண்மையானது, வரிசை எண்ணும் உண்மையானது. ஆனால் எளிய தரத்தில் பிறந்த துப்பாக்கிக்குப் பிற்காலத்தில் ஒரு கைதேர்ந்த செதுக்குநர் உயர்தர வேலைப்பாட்டைப் போட்டுவிடுகிறார். புதியவரின் கண்ணுக்கு அது அசலாகவே தெரியும். டி.எச்.இ. என்று விலைசொல்லப்பட்ட துப்பாக்கியின் எண்ணுக்கு நேராகப் பேரேட்டில் வி.எச். என்று மட்டும் எழுதியிருந்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதேவேளை, கடிதத்தை வேதவாக்காகவும் கொள்ளக் கூடாது. அத்துப்பாக்கி தொழிற்சாலையைவிட்டு எப்படி வெளியேறியது என்பதைத்தான் பேரேடு சொல்லும். அதன்பின் நூறாண்டில் யார் எதை மாற்றினார், எங்கே தேய்த்தார் என்பதைச் சொல்லாது. அதற்குத் துப்பாக்கியையே பார்க்க வேண்டும், பார்க்கத் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும்.

எல்லா நிறுவனங்களின் ஏடுகளும் சங்கங்களிடம் இல்லை. வின்செஸ்டர், எல்.சி. ஸ்மித் நிறுவனங்களின் பதிவேடுகளை வயோமிங் மாநிலம் கோடி நகரில் உள்ள அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. பர்டி போன்ற லண்டன் நிறுவனங்கள் தம் பேரேடுகளைத் தாமே வைத்திருக்கின்றன. பர்மிங்ஹாமின் சிறு பட்டறைகள் பலவற்றின் கணக்குகளோ காணாமலே போய்விட்டன. அந்நகரில் செய்து, இங்கிலாந்தின் சிற்றூர்க் கடைக்காரர் பெயரிலோ இந்தியாவில் இருந்த ஆங்கிலேயக் கடையின் பெயரிலோ விற்கப்பட்ட துப்பாக்கிகள் ஏராளம். குழலில் உள்ள பெயர் செய்தவருடையது என்று நம்பினால் ஏமாந்துபோவோம். எது எங்கே கிடைக்கும், எதைத் தேடிப் பயனில்லை என்ற இந்த வரைபடமே சங்க உறுப்பினர்களின் தலையில்தான் இருக்கிறது.

முத்திரை, உலோகம், ஆபத்து

சிராங்கூன் சாலையில் நகை வாங்கும் எவரும் சங்கிலியின் கொக்கியைத் திருப்பி 916 முத்திரையைத் தேடுவதுபோல, பழைய துப்பாக்கியைக் கையிலெடுக்கும் சேகரிப்பாளர் முதலில் தேடுவது சோதனை முத்திரையை. தங்கத்தின் முத்திரை மாற்றைச் சொல்கிறது; துப்பாக்கியின் முத்திரை, வழக்கத்தைவிட வலுவான மருந்தை நிரப்பிச் சுட்டுப் பார்த்தபோதும் குழல் வெடிக்காமல் தாங்கியது என்பதைச் சொல்கிறது. லண்டன் துப்பாக்கி வினைஞர் குழுமம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக உருவானது. பிரிட்டனில் இச்சோதனை இன்றும் சட்டக் கட்டாயம். தகுதி இழந்த குழலோடு ஒரு துப்பாக்கியை விற்பது குற்றம். அமெரிக்காவில் அப்படி ஒரு பொதுச் சோதனை நிலையம் இல்லாததால், அந்தந்த நிறுவனம் தானே சோதித்துத் தன் குறியை இட்டது. அமெரிக்கச் சங்கங்களில் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

முத்திரைகள் இருக்கும் இடம் வெளியே தெரியாது. துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, குழலின் கீழே உள்ள முன்கட்டையைக் கழற்றி, குழல்களை உடலிலிருந்து பிரித்துத் தலைகீழாகத் திருப்பினால், தோட்டா நுழையும் முனைக்கு அருகே தட்டையாகச் சீவிய இரு பரப்புகள் தெரியும். அங்கேதான் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கும் குறைவாக, சில சமயம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, எழுத்துகளும் எண்களும் கிடக்கும். கிரீடத்தின் கீழே ‘பி.என்.பி.’ இருந்தால், 1954-க்குப் பின் பர்மிங்ஹாமில் புகையில்லா மருந்துக்கு, அதாவது பழைய கருமருந்துக்குப் பின் வந்த வலுவான வெடிமருந்துக்கு, சோதிக்கப்பட்டது. கிரீடத்தின் கீழே ஜி, பி எழுத்துகள் பின்னிக் கிடந்தால் லண்டன். முட்டை வடிவக் கோட்டுக்குள் ‘இ.எல்.ஜி.’ என்றிருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பிள்ளை, மேலே எவ்வளவு ஆங்கிலப் பெயர் பொறித்திருந்தாலும் சரி. ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்ற பெயரோடு அமெரிக்காவில் மலிவாக விற்ற துப்பாக்கிகள் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் புகழில் குளிர்காய்வதற்காகவே வைத்த பெயர் அது, பொருள் பெல்ஜியத்தில் செய்தது.

பழைய ஆங்கிலக் குழல்களில் 12, 13, 13/1 என்ற எண்களும் இருக்கும். இவை உள்விட்டத்தைக் குறிக்கின்றன: 13 என்றால் 0.710 அங்குலம், 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729. துருவை நீக்குவதற்காக உட்புறத்தை மீண்டும் மீண்டும் தேய்த்து மெருகூட்டினால் விட்டம் கூடும், சுவர் மெலியும். ஆகவே தோட்டா நுழையும் முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே விட்டத்தை அளந்து, முத்திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் கூடியிருந்தால் பழைய சோதனை செல்லாது. குழல் சுவரின் தடிமனையும் தனியே அளக்க வேண்டும். எந்த இடத்திலாவது 0.020 அங்குலத்துக்குக் கீழே மெலிந்திருந்தால் அனுபவமுள்ளவர்கள் பலர் வாங்கத் தயங்குவர். இவற்றை அளக்கும் கருவிகள் தனி ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல. சங்கக் கூட்டங்களில் யாராவது ஒருவர் கொண்டுவந்திருப்பார்.

புதியவர்கள் அதிகம் மயங்குவது டமாஸ்கஸ் குழலில். இரும்புப் பட்டைகளையும் உருக்குப் பட்டைகளையும் அடுக்கி முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருளாக வளைத்து, காய்ச்சி அடித்து ஒன்றாக இணைத்துச் செய்த குழல் அது. பிறகு இரசாயனத்தால் பதப்படுத்தும்போது, இரும்பும் உருக்கும் வெவ்வேறு நிறம் கொள்வதால், பட்டுச் சேலையின் கரைபோன்ற வரிவடிவம் மேலெழும். லியேஜுக்கு அருகே வெஸ்த்ர் பள்ளத்தாக்கின் ஊர்கள் முதல் உலகப்போர் வரை உலகம் முழுவதுக்கும் இத்தகைய குழல்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றில் பல கருமருந்தின் மென்மையான அழுத்தத்துக்கென்று செய்தவை. சில, புகையில்லா மருந்துக்கும் முறையாகச் சோதிக்கப்பட்டுத் தேறியவை. எல்லா டமாஸ்கஸும் வெடிக்கும் என்பதும் தவறு, எதுவும் ஆகாது என்பதும் தவறு. எந்தக் குழல் எதைத் தாங்கும் என்பதை முத்திரையும் அளவும் தெரிந்த ஒருவர் அந்தக் குறிப்பிட்ட குழலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு பொறி, தோட்டாவின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். இன்றைய சாதாரணத் தோட்டா 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் நுழையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது தடையில்லாமல் நுழைந்துவிடும். ஏனென்றால் 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் முனை உட்புறமாக மடிக்கப்பட்டிருப்பதால் அது குட்டையாகவே இருக்கும். சுடும்போது மடிப்பு விரிவதற்கு இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதிக்குள் சிக்கிக்கொள்ள, அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகிறதே’ என்ற ஒரே சான்றை நம்பியவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிய எச்சரிக்கைகள் சங்க இதழ்களில் திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டலாம், வர வேண்டியவைதான்.

பழைய குழலைத் தோட்டா நுழையும் முனைக்குச் சற்று முன்னால் வெட்டிவிட்டு, புதிய குழாய்களை உள்ளே செருகும் பழுதுபார்ப்பு முறையும் ஒன்று உண்டு. வேலை நேர்த்தியானதாக இருந்தால் மெல்லிய வளையம்போன்ற இணைப்புக்கோடு மட்டுமே தெரியும். அது ஆபத்தானதன்று, சில நேரம் பழையதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் சேகரிப்பு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஊரில் இருக்கும் துப்பாக்கி

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று இன்னும் நினைப்பவர்கள், ஊரில் உள்ள பூர்வீக வீட்டை நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வழிவழியாக வந்திருக்கிறது. “மாமா, தாத்தாவோட டபுள் பேரலுக்கு இப்போ என்ன விலை போகும்?” என்று இங்கிருந்து தொலைபேசியில் கேட்கும் மருமகனுக்கு, விவரம் தெரிந்த தாய்மாமன் தரும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: “விலை கிடக்கட்டும் மாப்பிள்ளை, லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?”

அதுவே சரியான முதற்கேள்வி. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, உரிமம் பெற்றிருந்தவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு தாமதமின்றி அத்துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதன்பின்தான் தம் பெயரில் உரிமம் கேட்பதோ விற்பதோ. 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இவ்வரம்பு பொருந்தும். சேகரிப்பாளர் சங்கம் இதில் சட்ட ஆலோசனை தராது, தரவும் கூடாது. அதற்கு அங்குள்ள வழக்கறிஞர் இருக்கிறார். சங்கத்தால் முடிவது வேறு: அது யார் செய்தது, எந்தக் காலத்தது, வரலாற்று மதிப்பு உள்ளதா என்பதைப் படங்களைக் கொண்டே சொல்வது. பழைய இரும்பு என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வணிகரிடம் பேசுவதற்கு முன் அந்த விவரம் கையில் இருப்பது நல்லது. எதிர்த்திசையிலும் இது உதவும். தாத்தாவின் துப்பாக்கி கோடிக்கணக்கில் விலைபோகும் என்று நம்பிக்கொண்டு உடன்பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டிருக்கும் குடும்பத்தில், அது சாதாரணப் பர்மிங்ஹாம் சரக்கு என்று ஒரு கடிதம் வந்தால் சண்டை பாதி ஓய்ந்துவிடும்.

மற்றப் பயன்களை விரைந்து சொல்லிவிடலாம். பெரும்பாலான சங்கங்கள் இதழ் ஒன்றை வெளியிடுகின்றன. பழைய இதழ்களின் தொகுப்பு உறுப்பினருக்குக் கிடைக்கும். ஆண்டுக்கூட்டம், கண்காட்சி, விருந்து ஆகியவை உண்டு. மரக்கட்டைக்கு எண்ணெய் பூசுபவர், செதுக்கு வேலையைத் துடைத்தெடுப்பவர், ஸ்பிரிங் செய்பவர் என்று அருகிவரும் கைவினைஞர்களின் முகவரிகள் கிடைக்கும். பயணத்துக்கும் ஒரு காரணம் கிடைக்கும்: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ், லியேஜில் கிராண்ட் குர்ஷியஸ் ஆகிய அருங்காட்சியகங்களை, என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு, கண்ணாடிப் பேழைகளைக் கடந்து நடப்பது வேறு.

சிங்கப்பூரில் இருப்பவர் கொடுக்கக்கூடியது

உறுப்பினர் என்றால் வாங்கிக்கொள்பவர் மட்டும் அல்லர். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உள்ள சங்கத்துக்குக் கீழ்த்திசை நாடுகளில் விற்ற துப்பாக்கிகளைப் பற்றிய செய்தி கிடைப்பது அரிது. நம்மிடமோ தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் திரட்டு இருக்கிறது. 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலான பழைய நாளிதழ்களை அங்கே கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம். துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற கடைகளின் விளம்பரங்கள், நாடு திரும்பும் துரைமார் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்ட அறிவிப்புகள், பன்றி வேட்டைச் செய்திகள் என்று அதில் கிடப்பவை ஏராளம். ஒரு துப்பாக்கியின் குழலில் உள்ள சிங்கப்பூர் அல்லது பினாங்குக் கடைப் பெயருக்குத் தேதி குறித்துக் கொடுக்கும் உறுப்பினருக்கு எந்தச் சங்கத்திலும் மதிப்பு உண்டு. ஒரு துப்பாக்கியையும் தொடாமல் ஒருவர் இத்துறையில் பெயர் பெற முடியும் என்றால், அதற்கு மிக நேரான வழி இதுவே என்பது என் எண்ணம்.

ஒத்த ஆர்வம் கொண்டவர்கள் இங்கேயே கூடி ஒரு சங்கம் அமைக்க விரும்பினால், பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவுபெற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. நாலைந்து பேர் நூலகத்தில் கூடிப் பழைய இதழ்களைப் படிப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. தொடக்கத்தில் அதுவே போதுமானது.

எந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுப்பது? பார்க்கர், ஏ.எச். ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித் என்று ஒரே தயாரிப்பாளரைச் சுற்றி அமைந்தவை ஆழமானவை. அந்தப் பெயரில் ஆர்வம் இல்லாதவருக்கு அலுப்பானவை. பொதுவான சங்கங்கள் அகலமானவை. வாங்குவதும் விற்பதும் மட்டுமே பேச்சாக உள்ள குழுக்களையும், துப்பாக்கி அரசியலையே மூச்சாகக் கொண்ட அமைப்புகளையும் சிங்கப்பூரர் ஒருவர் தவிர்ப்பது நலம். நமக்கு வேண்டியது ஏடும் இதழும். சேருவதற்கு முன் இரண்டு கேள்விகளை எழுதிக் கேட்கலாம்: வெளிநாட்டு உறுப்பினருக்குப் பழைய இதழ்கள் மின்வடிவில் கிடைக்குமா, ஆய்வுக் கடிதம் கேட்பதற்குத் துப்பாக்கியின் உரிமையாளராக இருக்க வேண்டுமா.

ஊரில் உள்ள துப்பாக்கியைப் பற்றிக் கேட்பதாக இருந்தால், படங்களை அங்கே உரிமம் வைத்திருப்பவரையோ துப்பாக்கியைப் பாதுகாக்கும் வணிகரையோ கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். முழு உருவம் இருபுறமும், குழலின் மேலுள்ள பெயர், குழலின் அடியில் உள்ள முத்திரைகள், கட்டையின் கைப்பிடிப் பகுதி ஆகியவை போதும். முத்திரைகளைப் பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். நேராக ஃபிளாஷ் அடித்தால் உலோகம் மின்னி எழுத்து மறைந்துவிடும். வரிசை எண்ணைக் குழல், உடல், முன்கட்டை ஆகிய மூன்று இடங்களிலும் பார்த்துத் தனித்தனியே எழுதி அனுப்புங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால், எந்த எண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.